ஓடியாடும் கணக்கு

பிள்ளைகள் வாங்கிய மார்க்கை மனப்பாடமாகச் சொல்லும் வீடுகளில், அவர்கள் ஓடியாடிய நிமிடங்களுக்குக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதை யார் வைப்பது என்பதில்தான் சிக்கல்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ரயில் பாதையில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே வரும் சின்ன நிறுத்தம் தனுவச்சபுரம். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் களியக்காவிளை இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஊரிலுள்ள என்.எஸ்.எஸ். கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. அது வேலுத்தம்பி தளவாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த தலக்குளமோ இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் மாறியபோது கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழ்த் தலைவர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் ஆட்டம் மாறவில்லை. மண்ணில் கட்டம் கீறி, காவல் நிற்பவன் கையில் படாமல் தாண்டி ஓடும் கிளித்தட்டுக்கு மலையாளத்திலும் அதே பெயர்தான்.

அன்று அந்த ஓட்டத்தை யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தென்னந்தோப்புகளுக்கும் ரப்பர் மரங்களுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து பள்ளிக்கு நடை, திரும்ப நடை, கடைக்கு ஓட்டம், அறுவடை முடிந்த வயலில் பந்து என்று பொழுது விடிந்து பொழுது சாயும்வரை உடம்பு அசைந்துகொண்டே இருந்தது. இப்போது எல்லையின் இரு புறமும் காலையில் வேன் வருகிறது, மாலையில் டியூஷன் காத்திருக்கிறது, இரவில் செல்போன். நடுவில் மிச்சமிருப்பது பள்ளியின் பி.டி. பீரியட். அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இந்த இழப்பு மெல்ல நடந்ததால் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. குழந்தை ஆங்கிலத்தில் எத்தனை மார்க் என்று கேட்டால் தாய் தந்தை இருவரும் உடனே சொல்வார்கள். நேற்று எத்தனை நிமிடம் மூச்சு வாங்க ஓடியது என்று கேட்டால் யோசிப்பார்கள். அசைவும் மார்க்கைப் போலக் குறித்துவைக்க வேண்டிய விஷயம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவிவருவதற்கு இதுதான் காரணம்.

60 நிமிடம்

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை எளிமையானது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு சூடேறும்படி இயங்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது அது கடுமையான இயக்கமாக, தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுவதாக இருக்க வேண்டும். ஓட்டம், ஸ்கிப்பிங், மரமேறுதல், கபடி எல்லாம் இதில் அடக்கம். ஊனமுற்ற குழந்தைகளுக்கும் இதே 60 நிமிடம்தான், அவரவர் உடல் அனுமதிக்கும் வகையில்.

இதை எத்தனை பேர் எட்டுகிறார்கள்? 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களிடம் திரட்டிய தகவல்களை வைத்து உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவிகிதம் பேர் போதுமான அளவு இயங்கவில்லை. இந்தியாவில் இது சுமார் 74 சதவிகிதம். தென் கொரியாவின் 94 சதவிகிதத்தோடு ஒப்பிட்டால் நாம் தேவலை என்று தோன்றும். ஆனால் நம் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் தேறவில்லை என்பதே இந்த எண்ணுக்கு அர்த்தம்.

இதன் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளக் கேரளத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். பெரியவர்களில் 11.4 சதவிகிதம். கேரளத்தில் மட்டும் 25.5 சதவிகிதம், அதாவது நால்வரில் ஒருவர். கோவாவும் புதுச்சேரியும்தான் அதற்கு மேலே. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். கல்வியிலும் ஆயுளிலும் நாட்டுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலம், இந்தப் பட்டியலிலும் முன் வரிசையில் நிற்கிறது. இந்த நோய் நாற்பது வயதில் ஒரு நாள் காலையில் திடீரென்று வருவதல்ல. உட்கார்ந்தே இருக்கும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே படிகிறது.

எண்ணினால் மாறுமா?

எண்ணுவதாலேயே மனிதர்கள் அதிகம் நடப்பார்களா என்ற கேள்விக்கு ஜப்பானில் ஒரு கருவி முதலில் பதில் தேடியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸின் உற்சாகம் அடங்குவதற்குள், 1965இல், யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் மான்போ-கெய். பொருள்: பத்தாயிரம் அடி அளவி. இன்று உலகமெங்கும் வேதவாக்காகச் சொல்லப்படும் ‘தினம் 10,000 அடி’யின் பிறப்பிடம் இந்தப் பெயர்ப் பலகைதான். மருத்துவ ஆராய்ச்சியின் முடிவாக அது பிறக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சி, எண்ணுவதில் பலன் இருப்பதைக் காட்டியது. 2007இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடி எண்ணும் கருவி அணிந்தவர்களின் இயக்கம் முன்பைவிடச் சுமார் 27 சதவிகிதம் கூடியிருந்தது. நாளொன்றுக்கு 2,000 அடிக்கு மேல். இன்னொன்றையும் அது கவனித்தது. இத்தனை அடி என்று ஒரு இலக்கு இருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் தெரிந்தது. வெறும் கருவி மட்டும் போதவில்லை.

அந்த ஆய்வுகள் பெரியவர்களைப் பற்றியவை. குழந்தைகளின் கணக்கு வேறு. 60 நிமிட இயக்கத்தை அடிகளாக மாற்றினால் தொடக்கப் பள்ளிச் சிறுவனுக்கு 13,000 முதல் 15,000 வரை, சிறுமிக்கு 11,000 முதல் 12,000 வரை ஆகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கருவிகளுக்குள் இருப்பது அசைவின் வேக மாற்றத்தை உணரும் ஒரு சிறு சில்லு. அது அடியை எண்ணும். ஆனால் சைக்கிள் மிதிப்பதையும் குளத்தில் நீந்துவதையும் மரமேறுவதையும் சரியாக எண்ணத் தடுமாறும். நெய்யாற்றில் ஒரு மணி நேரம் நீந்தும் சிறுவன் கருவியின் பார்வையில் சோம்பேறி.

எண்ணிக்கை ஊரையே மாற்றிய கதை ஒன்றும் உண்டு. சென்னை திருமங்கலத்திலுள்ள ஆசியாட் காலனியில் மேலே சொன்ன நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் 1990களின் பிற்பகுதியில் கணக்கெடுத்தபோது, வாரத்தில் 3 நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவிகிதம்தான். அந்த எண்ணைக் குடியிருப்பவர்களிடமே காட்டிப் பேசினார்கள். அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எண்ணியபோது 58.7 சதவிகிதம். எண் இங்கே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நடக்க இடம் இல்லை என்ற உண்மையைத்தான் அது வெளியே கொண்டுவந்தது.

டில்லியிலிருந்து ஒரு கொடி

பள்ளிப் பிள்ளைகளின் உடல்திறனை எண்ணிப் பதிவுசெய்யும் முயற்சி இந்தியாவில் அரசாங்கத் திட்டமாகவே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ‘கேலோ இந்தியா’ செல்போன் செயலி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29இல், ஹாக்கி வீரர் தியான் சந்த் பிறந்த நாளன்று, ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் டில்லியில் தொடங்கியது. சோதனை முறை இதுதான்: 5 முதல் 8 வயதுவரை உள்ளவர்களுக்கு உயரம்-எடை விகிதம், ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலை, தட்டுகளை மாறி மாறித் தொடும் வேகம். 9 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு உயரம்-எடையோடு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து குனிந்து எட்டும் தூரம், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால். ஆசிரியர் அளந்து செயலியில் ஏற்ற வேண்டும்.

பள்ளிகளுக்கும் தரம் பிரித்தார்கள். உடற்கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர், இரண்டு விளையாட்டுகளுக்காவது இடமுள்ள திடல், ஒவ்வொரு வகுப்புக்கும் தினம் ஒரு உடற்கல்விப் பீரியட், எல்லா மாணவருக்கும் தினம் 60 நிமிட இயக்கம். இவை இருந்தால் கொடி கிடைக்கும். மேலும் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் 3 நட்சத்திரம், 5 நட்சத்திரம்.

திட்டத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இதன் இயல்பு ஆண்டுப் பரீட்சையின் இயல்பு. ஒரு நாள் ஓடுகிறார்கள், எண் பதிவாகிறது. மற்ற நாட்களில் பிள்ளை ஓடியதா என்பது செயலிக்குத் தெரியாது. 600 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினாய் என்பது உடல்திறனின் கணக்கு. இன்று ஓடினாயா என்பது பழக்கத்தின் கணக்கு. முன்னது வயது, பரம்பரை, ஊட்டம் எல்லாவற்றையும் பொறுத்தது. பின்னது மட்டும்தான் ஒரு குழந்தையின் கையிலும் அதன் வீட்டார் கையிலும் இருக்கிறது.

வென்றவர்களைக் கணக்கிடுவதில் கேரளத்துக்குப் பஞ்சமில்லை. 1954இல் ஜி.வி. ராஜா முன்நின்று அமைத்த விளையாட்டுக் கவுன்சில், அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பள்ளி, 1985இல் காரியவட்டத்தில் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி என்று பெரிய பாரம்பரியம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பய்யோளிக்காரர் பி.டி. உஷா ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை மலையாளிகள் இன்றும் மறக்கவில்லை. ஒருவர் ஓட்டத்தில் நூறில் ஒரு வினாடியைக் கணக்கு வைத்திருக்கும் மாநிலத்தில், பந்தயத்துக்குப் போகாத லட்சக்கணக்கான பிள்ளைகளின் ஒரு மணி நேரம் கணக்கில் வராமல் போகிறது.

திடல் இல்லாத பள்ளி

கணக்கு வைக்கத் தொடங்கினால் முதலில் அம்பலமாவது பிள்ளையின் சோம்பல் அல்ல, இடத்தின் போதாமை. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் இதைக் கடுமையான வார்த்தைகளில் சொன்னது. பத்தனம்திட்டை மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலில் குடிநீர்த் தொட்டி கட்டுவது பற்றிய வழக்கு அது. கேரளக் கல்வி விதிகளின்படி தேவையான திடல் இல்லாத பள்ளிகளை மூடிவிட வேண்டும் என்ற அளவுக்குப் போனார் நீதிபதி. எந்த வகைப் பள்ளிக்கு எவ்வளவு பெரிய திடல் வேண்டும் என்று அரசு தெளிவாக வரையறுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். கல்வி என்பது வகுப்பறைக்குள் முடிவதல்ல என்பது தீர்ப்பின் சாரம். குடிநீரும் வேண்டும், திடலும் வேண்டும் என்ற நிலையில் எப்போதும் திடல்தான் விட்டுக்கொடுக்கிறது என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் பழகிய கதை.

பெரிய திடல் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றை ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரத்துத் தலைமையாசிரியை ஒருவர் செய்து காட்டினார். செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் எலைன் வைலி 2012இல் தன் மாணவர்களைத் தினம் 15 நிமிடம் பள்ளி உடையிலேயே, ஷூவைக்கூட மாற்றாமல், வெளியே ஓடவிட்டார். முடியாதவர் நடக்கலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை, தனிப் பீரியட்கூட இல்லை. ‘தினம் ஒரு மைல்’ என்று பெயர் பெற்ற இந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2018இல் வந்த ஒரு ஆய்வு, பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஓடும் பள்ளியின் பிள்ளைகளிடம் மிதமானதும் கடுமையானதுமான இயக்கம் நாளுக்குச் சுமார் 9 நிமிடம் கூடியிருந்தது. உட்கார்ந்திருக்கும் நேரம் சுமார் 18 நிமிடம் குறைந்திருந்தது. ஒன்பது நிமிடம்தானா என்று கேட்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் தினமும் கிடைக்கும் ஒன்பது நிமிடம் அது.

மகளின் கணக்கு

பெண் குழந்தைகளின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2001க்கும் 2016க்கும் இடையே உலகச் சிறுவர்களின் நிலை சற்றே தேறியது, 80.1 சதவிகிதமாக இருந்த இயக்கக் குறைவு 77.6 ஆனது. சிறுமிகளின் நிலை ஏறக்குறைய அப்படியே நின்றது, 2016இல் 84.7 சதவிகிதம். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் சிறுமிகளின் எண் மற்ற நாடுகளைவிடப் பரவாயில்லை. ஏன் என்று தேடியபோது ஆய்வாளர்கள் யூகித்த காரணம்: வீட்டு வேலை.

எண்ணுவதில் உள்ள பொறி இங்கேதான் இருக்கிறது. குடம் சுமந்ததும் முற்றம் பெருக்கியதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் கருவிக்கு ‘இயக்கம்’தான். உடம்புக்கும் அதில் நன்மை உண்டு. ஆனால் அந்தச் சிறுமி விளையாடினாள் என்று அதற்கு அர்த்தமில்லை. அவளுடைய நோட்டில் வேலைக்கு ஒரு பத்தி, விளையாட்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதினால் அண்ணனுடைய நோட்டுக்கும் அவளுடைய நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

பருவமடைந்ததும் மகள் விளையாட்டிலிருந்து விலகுவது எல்லையின் இரு புறமும் உள்ள வழக்கம். 2025 ஜூனில் கேரளப் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்புப் பிரச்சாரத்தின் பகுதியாக ஜும்பா நடனம் சேர்க்கப்பட்டபோது, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதைச் சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. பிள்ளைகள் பள்ளிச் சீருடையில்தான் பயிற்சி செய்கிறார்கள் என்று அன்று கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி பதில் சொன்னார். வாதம் உடையைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பல நாள் நடந்தது. அந்த வயதுச் சிறுமிகளுக்கு வேறு எங்கே, எத்தனை நிமிடம் ஆட வாய்ப்பு இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

தமிழ்நாடு இதற்கு ஒரு பதிலைத் தெரியாமலே கண்டுபிடித்தது எனலாம். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கெல்லாம் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தின் நோக்கம் படிப்புதான். பீகார் 2006இல் இதே வழியில் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 30 சதவிகிதம் கூடியதாக ஆய்வு ஒன்று கண்டது. படிப்போடு சேர்ந்து, தினமும் போகவர மிதிக்கும் நிமிடங்களும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தன. எந்தப் பி.டி. பீரியடும் அவர்களுக்கு அவ்வளவு தவறாமல் கிடைத்திருக்காது.

கைக்கடிகாரம் என்ற ஒற்றன்

வசதியுள்ள வீடுகளில் இதற்கெல்லாம் சுருக்கு வழியாகத் தோன்றுவது குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம். அது அடியை எண்ணும், இதயத்துடிப்பை எண்ணும், அப்பாவின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். ஆனால் பலன் நினைத்தபடி இல்லை. பிரிட்டனில் 13-14 வயதுப் பிள்ளைகள் சுமார் நூறு பேருக்கு இத்தகைய கைப்பட்டையை 8 வாரம் அணிவித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. முதலில் உற்சாகம் இருந்தது. அது கொஞ்ச நாளில் வடிந்தது. எட்டு வாரம் முடிந்தபோது, தானாக விரும்பி ஆடும் ஆர்வம் முன்பைவிடக் குறைந்திருந்தது. இலக்கை எட்டாத நாளில் குற்ற உணர்ச்சி, நண்பனோடு ஒப்பீடு, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற உறுத்தல்.

பரிசு கொடுத்து ஆசை காட்டும் பெற்றோருக்கும் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், படம் வரைவதை விரும்பிய குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு கூலி வேலையாக மாறிவிட்டது. ஓடினால் ஐஸ்க்ரீம் என்று பேரம் பேசும் வீட்டிலும் நடப்பது இதுதான். ஐஸ்க்ரீம் நின்றதும் ஓட்டமும் நிற்கும்.

கடிகாரத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. அது சேர்க்கும் விவரம் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் தங்குகிறது. சுற்றிலும் நடப்பதை ஒட்டுக்கேட்க வசதியுள்ள குழந்தைக் கடிகாரங்களை ஜெர்மனி 2017 நவம்பரில் தடைசெய்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. கல்வி, மருத்துவ நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் எடையும் துடிப்பும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பெற்றோர் கடிகாரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நாற்பது பக்க நோட்டு

அப்படியானால் எப்படித்தான் கணக்கு வைப்பது? மேலே சொன்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வழி ஓரளவு புலப்படுகிறது. அதற்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, அல்லது சுவரில் தொங்கும் மாதக் காலண்டர்.

முதலாவது, எழுதுவது குழந்தையாக இருக்க வேண்டும். பெரியவர் எழுதினால் அது வருகைப் பதிவேடு. குழந்தை எழுதினால் அது டயரி. இரண்டாவது, எடையை எழுத வேண்டாம். நிமிடத்தை எழுதினால் போதும். எடை குழந்தையின் கையில் இல்லை. அதைத் தினமும் பார்ப்பதால் பருமனான பிள்ளைக்கு வெட்கம்தான் மிஞ்சும். மூன்றாவது, ஒப்பிடுவதானால் போன வாரத்துத் தன்னோடு ஒப்பிடட்டும். பக்கத்து வீட்டுப் பையனோடும் அக்காவோடும் வேண்டாம். வகுப்பில் வரிசைப் பட்டியல் ஒட்டினால் முதல் ஐந்து பேர் இன்னும் ஓடுவார்கள். கடைசி ஐந்து பேர்தான் ஓட வேண்டியவர்கள். அவர்கள் வயிற்று வலி என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

நான்காவது, இலக்கு சிறியதாகத் தொடங்கட்டும். இருபது நிமிடம் ஓடும் பிள்ளைக்கு இருபத்தைந்து என்பது எட்டும் இலக்கு. அறுபது என்பது மிரட்டல். ஐந்தாவது, கருவியில்லாமலே வேகத்தை அளக்கலாம். ஆடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான இயக்கம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையான இயக்கம். நோட்டில் ‘பேசினேன்’, ‘மூச்சு வாங்கியது’ என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது மழை. தெற்குத் திருவிதாங்கூர் மண்ணுக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. ஓடுவதற்கு மட்டும் பழகிய பிள்ளையின் நோட்டில் அந்த மாதங்கள் வெறுமையாகிவிடும். ஸ்கிப்பிங் கயிறு, திண்ணையில் பாண்டி, வீட்டுக்குள் நடனம் என்று மழைக்கால ஆட்டங்களை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளலாம். எலும்பு வலுப்பெறக் குதிப்பதைப் போல நல்லது அதிகம் இல்லை.

ஏழாவதுதான் கடினமானது. அதே நோட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் செல்போனோடு சாய்ந்தபடி ‘போய் விளையாடு’ என்று சொல்லும் குரலுக்குப் பிள்ளைகளிடம் மதிப்பு இருப்பதில்லை.

இப்படி ஒரு மாதம் எழுதிய நோட்டைப் புரட்டினால் குழந்தையைப் பற்றி அறிவதைவிடப் பெரியவர்களைப் பற்றி அறிவது அதிகமாக இருக்கும். செவ்வாய்தோறும் வெறுமை என்றால் அன்று டியூஷன். வியாழன் பி.டி. பீரியட் நான்கு வாரமும் காலி என்றால் அது எந்தப் பாடத்துக்குப் போனது என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். மகளின் பக்கத்தில் வேலைப் பத்தி மட்டும் நிரம்பியிருந்தால் அண்ணன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கலாம். ஊரிலுள்ள முப்பது பிள்ளைகளின் நோட்டிலும் ஞாயிறு மாலை வெறுமையாக இருந்தால் அது பஞ்சாயத்துக்குக் கொண்டுபோக வேண்டிய மனு.

கிளித்தட்டுக்குத் தேவை கொஞ்சம் மண், கீறுவதற்கு ஒரு குச்சி, பத்துப் பிள்ளைகள், ஒரு மணி நேரம். முதல் மூன்றும் தனுவச்சபுரத்திலும் களியக்காவிளையிலும் இன்னும் கிடைக்கின்றன. நான்காவதைப் பெரியவர்கள்தான் தர வேண்டும்.